மேல்மாடி அறையில் ஒரு தடுப்பாட்டக்காரன்

மதிப்பிற்குரிய ஐயா, இதனை வாசிப்பவர் பெண்மணியாயின் மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு அருகே சுகர் லேண்ட் என்னும் ஊரில் நானும் என் மனைவியும் வாழ்ந்துவந்த காலத்தில், ஐஸ் ஹாக்கி ஆடுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் இளைஞன் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் ஒரு பருவம் தங்கியிருந்தான். அவனைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். நான் பள்ளிப் படிப்பை முடித்தவன் அல்லன். பொள்ளாச்சியில் மோட்டார் உதிரிபாகக் கடையொன்றில் வேலை செய்த நாட்களில், கடைக்கு எதிரே இருந்த கிளை நூலகத்தில் அமர்ந்து வாசித்தே உரைநடை எழுதக் கற்றேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க. எவருடைய பெயரையும் நான் இதில் குறிப்பிடவில்லை. அவ்விளைஞன் என் மகளினும் இளையவன் ஆதலால் அவனை ஒருமையில் எழுதுகிறேன். அதனை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எண்ணெய் நிறுவனங்களுக்குக் குழாய்களும் வால்வுகளும் அனுப்பும் கிடங்கொன்றில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். என் மனைவி ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் அமர்ந்து, வருவோரை விசாரித்து உள்ளே அனுப்பும் பணியைச் செய்தாள். எங்கள் ஒரே மகள் படிப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்குச் சென்றுவிட்டாள். அவளுடைய அறை பூட்டியே கிடந்தது.

ஐஸ் ஹாக்கி ஆடுவோர்க்குப் பற்கள் அடிக்கடி உடையும். எங்கள் பகுதியில் அப்போது இருந்த ஒரு சிறிய தொழில்முறை அணியின் ஆட்டக்காரர்கள் பல் உடைந்தால் என் மனைவி வேலை செய்த கிளினிக்குக்கே வருவார்கள். புதிதாக வரும் ஆட்டக்காரன் ஒருவனுக்கு அறை கிடைக்குமா என்று அணியின் அலுவலகத்தார் அங்கே கேட்டிருக்கிறார்கள். மாலை வீடு திரும்பியதும் என் மனைவி பேச்சைத் தொடங்கினாள்.

"ஏனுங்க, மேல ரூம் சும்மாத்தானுங்க கெடக்குது. ஒரு பையன் வர்றானாமா. கனடாக்காரன். ஹாக்கி ஆடறவன். சீசன் முடியற வரைக்குந்தான்."

"ஹாக்கியா? வரட்டும், வரட்டும். ஸ்கூல் க்ரௌண்டு வேலியப் புடிச்சுட்டு நின்னு நான் பாக்காத ஹாக்கியா?" என்றேன்.

"இது பனிக்கட்டி மேல ஆடறதாமா."

"இந்த வெயில்ல பனிக்கட்டிக்கு எங்க போவாங்களாம்?"

"அதையும் அவங்களே பண்ணிக்குவாங்களாட்டம் இருக்குது. நாம ரூம் குடுத்தாப் போதும்."

அவ்வாறே அவன் வந்து சேர்ந்தான். கோதுமை விளையும் கனடாவின் சமவெளி ஊர் ஒன்றிலிருந்து வந்தவன், வயது இருபத்தொன்று. வாசற்படியில் அவன் நின்றபோது வெளிச்சம் உள்ளே வரவில்லை, அவ்வளவு உயரமும் அகலமும். ஆள் ஒருவரை மடித்து வைக்கக்கூடிய அளவுக்கு ஒரு பையைத் தோளில் சுமந்திருந்தான். அதிலிருந்து வந்த வியர்வை நாற்றத்தை இங்கு வருணிப்பது முறையாகாது. என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "தம்பி, நீ உள்ள வா. பேக் கராஜுக்குப் போகட்டும்" என்றாள். பிறகு, அவன் சிரித்தபோது தெரிந்த கட்டுப்பல்லைப் பார்த்து, "இது எந்த டாக்டர் கட்டினது? கோணலா இருக்குதே" என்றாள். அவனுக்கும் எங்களுக்கும் முதற்பேச்சு இதுவே.

அவனோடு நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் ஆங்கிலம் எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவன் சொன்னவை எங்கள் வீட்டுப் பேச்சில் எவ்வாறு பதிந்தனவோ, அவ்வாறே தமிழில் எழுதுகிறேன். முதலில் எங்களை 'சார்', 'மேடம்' என்று அழைத்தவன், வார இறுதிகளில் வந்துபோகும் நண்பர்களின் பிள்ளைகள் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தானும் அதையே பிடித்துக்கொண்டான்.

எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. தனக்கு வேண்டிய இறைச்சியை வெளியே அணியினரோடு உண்டுவிட்டு, வீட்டில் நாங்கள் உண்பதையே உண்டான். முதல் வாரம் அவன் தட்டுக்கருகில் ஸ்பூனும் ஃபோர்க்கும் வைத்தோம். ஒரு நாள், எவரும் சொல்லாமலே, அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களைப் போலக் கையால் உண்ண முற்பட்டான். ஆனால் இரண்டு கைகளையும் சோற்றில் வைத்துவிட்டான். என் மனைவி பதறிப்போனாள்.

"ஐயோ, கண்ணு! இந்தக் கை மட்டும்" என்று தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்போ மத்தக் கை என்ன பண்ணும், ஆன்ட்டி?"

"தண்ணி டம்ளர் எடுக்கும். மத்தபடி சும்மா இருக்கும்."

"எங்க கோச் அதை ஆட விடாம பெஞ்ச்சுல உக்கார வெக்கறதுன்னு சொல்லுவார்."

அன்றுமுதல் இடக்கைக்கு அவன் வீட்டில் 'பெஞ்ச்' என்றே பெயர். எங்கள் மகளே சில வேளைகளில் மறந்துபோகும் இந்த வழக்கத்தை அவன் ஒரு நாளும் மீறவில்லை. விருந்தினர் முன்னிலையில் ரசஞ்சாதத்தை வலக்கையால் வழியவிடாமல் அள்ளிக் காட்டிவிட்டு, கைதட்டலை எதிர்பார்ப்பவன் போல் எல்லோரையும் ஒரு முறை பார்ப்பான்.

அவனுடைய ஆட்டத்தைப் பார்க்க முதன்முறையாகச் சென்றது வெயில் தணியாத ஒரு மாலை. கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிக் கிடந்தது; அரங்கின் உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. நான் ஊட்டிக்குப் போக வாங்கிய ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் அணிந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை, ஆட்டத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. நான் பள்ளி மைதானத்தில் கண்ட ஹாக்கிக்கும் இதற்கும், கையில் ஒரு மட்டை இருப்பதைத் தவிர, ஒற்றுமை எதுவும் இல்லை. கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று பனித்தரையில் சீறிக்கொண்டு போகிறது. அது எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் வேறிடம் போய்விடுகிறது. களத்தைச் சுற்றியிருந்த சுவரில் ஆட்கள் மோதும் ஓசை மட்டும் விளங்கியது.

ஒவ்வோர் ஆட்டத்திற்குப் பின்னும் மறுநாள் காலையில், "எத்தனை கோல் போட்டாய்?" என்று நான் கேட்பேன். "ஒன்றும் இல்லை" என்பான். மாதக்கணக்கில் இதே விடை. எங்களுக்கு அவன்மேல் இரக்கம் உண்டாயிற்று. சனிக்கிழமைகளில் நண்பர்கள் ஆளுக்கொரு பண்டம் சமைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். அங்கே ஒரு டாக்டர் நண்பர் என்னைச் சீண்டினார்.

"என்ன அங்கிள், உங்க வீட்டுப் பையன் இன்னும் கணக்கையே ஓபன் பண்ணலையா? இவ்ளோ சாம்பார் சாப்பிட்டும் ஒரு கோல் கூடவா வரல?"

"சாம்பாரைச் சொல்லாதீங்க டாக்டர்" என்று என் மனைவி குறுக்கிட்டாள். "போன வாரம் ரெண்டு தடவை வாங்கி ஊத்திட்டுப் போனது ஆரு?"

அன்று வீடு திரும்பியதும் அவள் அந்த இளைஞனிடம், "கவலைப்படாதே தம்பி. ஒரு நாளைக்கு நீயும் போடுவே" என்று ஆறுதல் சொன்னாள். அவன் முதலில் புரியாமல் விழித்தான். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். சிரித்து முடித்து, உப்பு ஜாடியை நடுவில் வைத்து அதுவே கோல் வலை என்றான். டம்ளர்களை அதன் முன்னே நிறுத்தினான்.

"என் வேலை கோல் போடறது இல்ல, ஆன்ட்டி. நான் டிஃபென்ஸ். எதிர் டீம்காரன் ஒருத்தன் வலைக்கு முன்னாடி வந்து நின்னு எங்க கோல் கீப்பரோட கண்ணை மறைப்பான். அவனைத் தள்ளி நகத்தணும். நாங்க எப்பவும் ஜோடியா நிப்போம். நான் ஒருத்தனை நகத்தணும், என் ஜோடி ஒருத்தனை நகத்தணும். நான் என் ஆளை விட்டுட்டா, ரெண்டு பேரையும் அவர் ஒருத்தரே பாக்கணும்."

என் மனைவி ஒரு டம்ளரை நகர்த்திப் பார்த்தாள். "அப்ப ஒண்ணும் நடக்கலேன்னா நீ நல்லா ஆடினேன்னு அர்த்தமா?"

"ஆமா."

"நடக்காததை ஆரு பாப்பாங்க?"

"கோச் பாப்பார். எனக்கு முன்னாடியே என் ஜோடி பாத்துடுவார்."

அவனுடைய ஜோடி என்பவர் முப்பத்தைந்து வயதை நெருங்கியவர். மனைவியும் குழந்தைகளும் உள்ளவர். சிறிய அணிகளில் ஊர் ஊராக ஆடியே இளமையைக் கழித்தவர். பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் எங்கள் இளைஞனைத் தம் காரில் அழைத்துச் செல்ல வருவார். ஹாரன் அடிக்கமாட்டார், வாசலுக்கு வந்து, என் மனைவி தரும் ஃபில்டர் காபியை நின்றபடியே குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். கிளினிக்கில் நெடுநாள் பழக்கம் ஆதலால் அவரை இவள் நன்கு அறிவாள்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை விளக்கியாக வேண்டும். இச்சிறிய அணிக்கு மேலே, தொலைக்காட்சியில் ஆட்டம் காட்டப்படும் பெரிய அணி ஒன்று உண்டு. அங்கே எவருக்கேனும் அடிபட்டால், இங்கிருந்து ஒருவரை அழைத்துக்கொள்வார்கள். அதனை 'மேலே போவது' என்பார்கள். இளம் ஆட்டக்காரர்கள் நாள்தோறும் எழுந்ததும் நினைப்பது அதனையே. ஒரேயோர் ஆட்டம் மேலே ஆடியவன்கூட ஆயுள் முழுவதும் அதனைச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் இளைஞனின் தந்தை வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து முதலில் கேட்பது, "மேலேயிருந்து ஏதாவது செய்தி உண்டா?" என்பதுதான்.

பொங்கல் முடிந்த சில நாட்களில் மேலணியின் தடுப்பாட்டக்காரர் இருவருக்கு ஒரே வாரத்தில் அடிபட்டது. அங்கிருந்து ஒருவர் வந்து எங்கள் அரங்கின் உயரமான இருக்கையில் தனியே அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துச் சென்றார். அவர் பார்த்தது தன்னைத்தான் என்று பயிற்சியாளர் குறிப்பாகச் சொன்னதாக இளைஞன் எங்களிடம் கூறினான். அவன் கூறிய விதத்தில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. அதன் காரணம் எனக்கு அப்போது புலப்படவில்லை.

அடுத்த ஞாயிறு பகலுணவின்போது அது வெளிப்பட்டது. என் மனைவி சோறும் சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் பரிமாறினாள். அவன் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் பிசையத் தொடங்கினான்.

"தம்பி! அந்தக் கை வேண்டாம்."

"பெஞ்ச்சுல இருக்கறவனுக்கும் ஒரு நாள் சான்ஸ் குடுக்கணும், ஆன்ட்டி."

"வெளையாட்டெல்லாம் வெளியில. சோத்துக்கு முன்னாடி வேண்டாம். கையை மாத்து."

அவள் குரலில் உண்மையான கடுமை இருந்தது. அவன் பணிந்து வலக்கையை எடுத்தான். மேசை விளிம்புவரை வந்த கை அதற்குமேல் எழவில்லை. அவன் முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மீண்டும் மடியில் இறக்கினான். என் மனைவி எழுந்து சென்று அவன் தோளைத் தொட்டாள். அவன் நாற்காலியோடு விலகினான்.

"ஏனுங்க" என்று என்னிடம் தமிழில் சொன்னாள், "இவனுக்குக் கையத் தூக்கவே முடியலீங்க. இது தெரியாம வஞ்சுட்டனே."

முந்தைய வாரம் சுவரில் மோதியபோது தோள் போயிருக்கிறது. அணியின் மருத்துவ உதவியாளரிடம் அவன் சொல்லவில்லை. பிறர் வருமுன் உடை மாற்றிக்கொண்டு, தானே துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, மாத்திரை விழுங்கி ஆடிவந்திருக்கிறான். ஆடுகளத்தில் எவருக்கும் தெரியாமல் மறைத்தவனை எங்கள் சாப்பாட்டு மேசை காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள்தான் அங்கிள். மேல கூப்பிட்டு ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டேன்னா அப்புறம் நானே சொல்லிடுவேன். இப்ப சொன்னா வேற ஆளைக் கூப்பிடுவாங்க. என் பேரு மறுபடி வராது. ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்க. கிளினிக்ல வேண்டவே வேண்டாம்."

நான் தலையசைத்தேன். என் மனைவி அசைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, ஒரு ஸ்பூனை எடுத்துக் கழுவி, அவன் தட்டின் இடப்பக்கத்தில் வைத்துவிட்டு, "சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

பாத்திரம் கழுவும்போது எங்களுக்குள் வாக்குவாதம் நிகழ்ந்தது.

"ஆருகிட்டயாச்சும் சொல்லோணுமுங்க."

"ஆருகிட்ட? பல்லு டாக்டர்கிட்டப் போயித் தோளு வலியச் சொல்லப் போறியா?"

"சிரிக்காதீங்க. கையே போயிருச்சுன்னா?"

"இங்க பாரு அம்மிணி, அது அவன் பொழப்பு, அவன் கை. கெடங்குல புதுசா சேந்தப்ப ப்ரொபேஷன் முடியற வரைக்கும் நானும் முதுகுவலிய மறைச்சுட்டுத்தான் வால்வு தூக்கினேன். வலிக்குதுன்னு சொல்லியிருந்தா வேலைல வெச்சிருப்பாங்களா?"

"அதனாலதான் இன்னைக்கும் குனிஞ்சா நிமிர முடியலீங்க உங்களுக்கு."

ஆயினும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உழைத்து உண்பவன் தன் உடம்பைப் பணயம் வைப்பது உலகெங்கும் நடப்பது. அதில் தலையிட எங்களுக்கு உரிமை இல்லை என்றே எண்ணினேன்.

அவ்வாரமே எங்கள் ஊர் அரங்கில் ஓர் ஆட்டம் நடந்தது. நாங்கள் இருவரும் போயிருந்தோம். இறுதிக்கட்டத்தில் இரு அணிகளும் சமமாக இருந்தன. எதிரணியாள் ஒருவன் எங்கள் கோல் வலையின் முன் வந்து நின்றான். அவனைத் தள்ள வேண்டியவன் எங்கள் இளைஞன். உப்பு ஜாடியும் டம்ளர்களும் கற்பித்த பாடத்தால் அதுமட்டும் எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. அவன் இடத்தோளைக் கொடுத்து முட்டினான். வலக்கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அந்த ஆள் அவனைச் சுற்றிக்கொண்டு வலப்புறமாக எளிதில் நழுவினான். அவன் ஜோடியான மூத்தவர் தம் ஆளை விட்டுவிட்டு இந்த ஆளை மறிக்கப் பாய்ந்தார். ஒரு மட்டையின் முனை அவர் வாயில் இறங்கியது. வட்டு வலைக்குள் போயிற்று. அவர் முழந்தாளிட்டார். பனித்தரையின் சிவப்பை ஓர் ஊழியர் மண்வெட்டி போன்ற ஒன்றால் சுரண்டி எடுத்தார். என் மனைவி எழுந்து நின்றவள் ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை.

மறுநாள் காலை மூத்தவர் கிளினிக்குக்கு வந்தார். அங்கு நடந்ததை அவள் மாலையில் எனக்குச் சொன்னாள். அவள் வாய்மொழியாகவே தருகிறேன்.

"ஒதடு இத்தாச்சோடு வீங்கியிருக்குதுங்க. 'பல்லு எத்தனை போச்சு'ன்னு கேட்டேன். 'வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க, ஆன்ட்டி. சொல்லிக்காமக்கூடப் போயிட்டாங்க'ங்கறாரு. என்னைவிட ஏழெட்டு வயசுதான் கம்மியா இருக்கும், அவரும் ஆன்ட்டிங்கறாரு. சிரிச்சுட்டேன். அப்புறம் உள்ள கூப்பிடற வரைக்கும் உக்காந்துட்டிருந்தாரு. பேச்சு வாக்குல, 'நேத்து தப்பு என்னுது. நான் லேட். முன்னெல்லாம் அந்த எடத்துக்கு ரெண்டே சறுக்குல போயிருப்பேன், இப்ப கால் வர மாட்டேங்குது'ன்னாரு. கோச்சுகிட்டயும் அப்படியே சொல்லிட்டாராம். இந்த சீசனோட நிறுத்திட்டு மச்சான் கூட கார்ப்பெட் போடற வேலைக்குப் போறதுன்னு பொண்டாட்டிகிட்ட நேத்தே பேசி முடிச்சுட்டாராமுங்க. அழுவாச்சியெல்லாம் இல்ல. நாளைக்கு மழை வரும்னு சொல்ற மாதிரி சொல்றாரு."

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அவரு லேட் இல்லீங்க. நாம பாத்தம்ல? இப்பச் சொல்லுங்க, அவன் பொழப்பு அவன் கைன்னு."

மூத்தவர் பொய்யாகப் பழியேற்றிருந்தால் அது பெருந்தன்மை என்று விட்டுவிடலாம். அவரோ உண்மையாகவே தம் கால்கள் தளர்ந்துவிட்டன என்று நம்பிவிட்டார். அவரை அவ்வாறு நம்பவைத்தது எங்கள் மேல்மாடியில் இருந்த ஒரு தோள்.

பொழுது சாயும் வேளையில் இளைஞன் உணவருந்த இறங்கிவந்தான். அவனுக்கு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். ஸ்பூன் இடப்பக்கத்தில். பரிமாறிவிட்டு என் மனைவி தானும் அமர்ந்தாள்.

"உன் ஜோடி இன்னைக்கு வந்திருந்தாரு."

"பல்லு எப்படி இருக்கு?"

"பல்லைக் கட்டிடலாம். தான் லேட்டுன்னு சொல்றாரு. கோச்சுகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காரு. இந்த வருஷத்தோட நிறுத்தப் போறாராம்."

அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "அவர் லேட் இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அதற்குமேல் ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை. ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அந்நிலையில் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி ஒலித்தது. நான் எடுத்தேன். பயிற்சியாளர். எப்போதும் இரண்டே சொற்களில் பேசும் அவர் அன்று என் நலத்தை விசாரித்தார். செய்தி இன்னது என்பது அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

இளைஞன் ரிசீவரை இடக்கையில் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜை நோக்கித் திரும்பி நின்றான். எங்களுக்கு அவன் முதுகும் காதுகளும் மட்டுமே தெரிந்தன. காதுகள் சிவந்தன.

"ஆமா கோச்... நாளைக்கா?... காலைல ஃப்ளைட்டா?... தேங்க் யூ. ரொம்ப தேங்க்ஸ்."

என் மனைவி அடுப்பின் மேலிருந்த காற்றாடியை அணைத்தாள். அவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றே நான் எண்ணினேன். அதற்காக அவனைக் குறைகூறவும் எனக்கு மனம் இல்லை. மறுமுனையில் பயிற்சியாளர் விமானம், பை, கையுறை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவன் இடையிட்டான்.

"கோச், ஒரு நிமிஷம். நேத்து அந்த கோல். அவர் லேட்டுன்னு உங்ககிட்ட சொன்னாராமே... இல்ல. அவர் லேட் இல்ல. அது என் ஆள். நான் விட்டேன். ரெண்டு பேரையும் அவர் ஒருத்தரே பாத்தார்."

பயிற்சியாளர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை போலும்; பரவாயில்லை, எல்லோர்க்கும் நேர்வதுதான் என்ற முறையில் ஏதோ சொல்லியிருப்பார். அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். மூத்தவரின் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். மறுநாள் காலை விமானமும் இருந்திருக்கும். அவன் நெற்றியை ஃபிரிட்ஜின் கதவில் சாய்த்துக்கொண்டான்.

"எதுக்கு விட்டேன்னா... என்னால தள்ள முடியல, கோச். வலது தோள். ரெண்டு வாரமா. டம்ளர் கூடத் தூக்க முடியல."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். "தெரியும்" என்று ஒரு முறையும், "சாரி" என்று ஒரு முறையும் சொன்னான். ரிசீவரை மாட்டிவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்குக் காலைல டாக்டர்" என்றான்.

"மேல?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேற ஒருத்தனை அனுப்புவாங்க. அங்கிள், எங்கப்பாவுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா? லாங் டிஸ்டன்ஸ்."

நாங்கள் இருவரும் முன்னறைக்குச் சென்று அமர்ந்தோம். அவன் தந்தையிடம் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. திரும்பிவந்து பார்த்தபோது ரசத்தைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை மூத்தவர் வந்தார். அன்று காபிக்குக் காத்திராமல் நேராக இளைஞன் முன் வந்து நின்று, வீங்கிய உதட்டோடு கத்தினார்.

"முட்டாப்பயலே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பக்கமும் சேத்து நின்னிருப்பேனே. என் பல்லாவது மிச்சமாயிருக்கும். கார்ப்பெட் போடறதுக்கு முட்டிக்கு வாங்கின பட்டையை இப்ப யாருக்குக் குடுக்கறது?"

"கடையில திருப்பிக் குடுத்துடுங்க" என்றான் இவன்.

"பில்லைத் தூக்கிப் போட்டுட்டேன்டா!"

பிறகு இருவரும் சிரித்தார்கள். மூத்தவர் வாயின் ஒரு பக்கத்தால் காபி குடித்தார்.

இளைஞனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் கையை மாட்டிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் அமர்ந்து பார்த்தான். அவன் இடத்தில் மேலே அழைக்கப்பட்டவன் அதே அணியில் இருந்த, அதே வயதுடைய இன்னொரு தடுப்பாட்டக்காரன். அவன் அங்கேயே நிலைத்துவிட்டான். தொலைக்காட்சியில் அவனைக் காட்டும்போது எங்கள் இளைஞன், "நல்லா நகத்தறான்" என்பான். அப்போது அவன் முகத்தில் என்ன இருந்தது என்று நான் உற்றுநோக்கியதில்லை. அது முறையன்று என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த பருவத்திற்கான அணித் தேர்வுக்குச் சென்றான். தோள் பழையபடி இல்லை. மேற்கு டெக்சாஸில் இன்னும் சிறிய அணி ஒன்றில் இடம் கிடைத்தது. நெடுந்தூரப் பேருந்துப் பயணங்கள். ஆள் குறைந்த அரங்குகள். இரண்டு பருவங்கள் அங்கே ஆடினான். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் விளையாட்டை நிறுத்திவிட்டு, தன் ஊருக்குத் திரும்பித் தானியம் ஏற்றும் லாரி ஓட்டச் சென்றான். மேலணியில் ஓர் ஆட்டமும் அவன் ஆடியதில்லை. மூத்தவர், எங்கள் ஊர் அணியிலேயே மேலும் இரண்டு பருவங்கள் ஆடிய பிறகுதான் கார்ப்பெட் வேலைக்குப் போனார்.

இதுவரை எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மகிழவில்லை.

"நான் என்னங்க பண்ணினேன்? உன் ஜோடி வந்தாருன்னு சொன்னேன். போனை எடுத்துப் பேசினது அவன். என்னையப் பெரிய ஆளாக்கி எழுதாதீங்க. அடிச்சுட்டு எழுதுங்க."

அடிக்கவில்லை; ஆனால் அவள் சொன்னதையும் சேர்த்துவிட்டேன். அவள் சொல்வது சரியே.

இவ்விளையாட்டைப் பற்றிய பதிவுகளில் அவன் பெயரைத் தேடினால், ஆடிய ஆட்டங்களும் போட்ட சில கோல்களும் ஒரு வரியில் இருக்கும். அவன் மேலே போகாததற்குக் காரணம் தோள் என்று அறிந்தவர்கள் சிலர் உண்டு. விமானம் காத்திருந்த நிலையில் அதனை அவன் தன் வாயால் சொன்னதை, பயிற்சியாளரை விட்டால், நேரில் கேட்டவர்கள் சமையலறையில் இருந்த நாங்கள் இருவரே. எங்களுக்கு வயதாகிவிட்டது.

ஆகவே ஐயா, அம்மையீர், தாங்கள் யாராயினும், எங்களோடு இது போய்விடாமல் இந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.